அட்லினுக்கு ஒருமுறை போய்விட்டுக் கோடு போடுங்கள்: எல்லை நிர்ணய ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அடுத்த தேர்தல் எல்லை நிர்ணய ஆணைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இதை எழுதும்போது உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. 2024 பொதுத்தேர்தலுக்கு அடுத்த தேர்தலும் முடிந்த பிறகுதான் உங்களை நியமிப்பார்கள். ஒரு நீதிபதி, சபாநாயகர் தெரிவு செய்யும் ஒருவர், தலைமைத் தேர்தல் அலுவலர் என மூன்று பேர். மாகாண வரைபடத்தை விரித்து, சனத்தொகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொகுதிகளுக்குக் கோடு போடப் போகிறீர்கள். பென்சிலைக் கையில் எடுக்கும் முன் ஒரு தொகுதியின் கதையை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக இத்தனை முன்கூட்டியே எழுதுகிறேன். அந்தத் தொகுதி இப்போது இல்லை. 1991 தேர்தலோடு வரைபடத்திலிருந்து போய்விட்டது. பெயர் அட்லின்.

நான் சர்ரே நகரத்தில், நியூட்டன் பகுதியில் குடியிருப்பவன். அட்லினுக்காக நியூட்டன்காரன் ஏன் பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். இந்த மாகாணத்தின் தேர்தல் வரலாற்றில் இந்த இரண்டு ஊர்களையும் எதிரெதிரே நிறுத்தித்தான் ஒரு பெரிய வழக்கு நடந்தது. 1986 சனத்தொகைக் கணக்கின்படி சர்ரே-நியூட்டன் தொகுதியில் 68,347 பேர். அட்லினில் 5,511 பேர். இரண்டுக்கும் சட்டசபையில் ஆளுக்கொரு ஆசனம். எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் அங்கே ஒரு ஆளின் பலம் வரும். குடிசார் சுதந்திரங்களுக்கான சங்கத்தின் தலைவராக இருந்த ஜோன் டிக்சன் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1989ல் நீதிபதி பெவர்லி மக்லாக்லின் அந்த எல்லைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார். பிற்காலத்தில் கனடாவின் தலைமை நீதியரசரானவர் அவர்தான்.

அந்தத் தீர்ப்பு சரியானது. எங்கள் ஊர் மக்களுக்கு நடந்தது அநியாயம், அதை நீதிமன்றம் திருத்தியது. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு அட்லின் என்றாலே "ஆளில்லாத தொகுதி", "கணக்குப் பிழை" என்ற உதாரணமாக மட்டுமே பேசப்படுகிறது. அந்தச் சின்னத் தொகுதி இந்த மாகாணத்துக்கு என்ன செய்தது என்பது அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் லொறி ஓட்டுபவன். வடக்கே 37ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சரக்கோடு பலமுறை போயிருக்கிறேன். கிட்வாங்காவில் திரும்பினால் நம் மாகாணத்துக்கு வடக்கே இருக்கும் யூகோன் பிரதேசத்தின் எல்லை வரை 700 கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கணக்காகப் போனாலும் தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல் வராது. கரடி வரும், நரி வரும், எதிரே ஒரு வண்டி வந்தால் கை காட்டிவிட்டுப் போவோம். காசியார் என்ற கல்நார் சுரங்க ஊரும் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1992ல் சுரங்கத்தை மூடியதும் ஊரையே ஏலம் போட்டுக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அட்லினையும் பார்த்துவிடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் அட்லினுக்கு நேராக ஒரு தெரு கிடையாது. யூகோனுக்குள் நுழைந்து, அலாஸ்கா நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஜேக்ஸ் கோர்னர் என்ற இடத்தில் தெற்கே திரும்பி, மறுபடி நம் மாகாணத்துக்குள் வர வேண்டும். அந்தத் தெருவும் 1950ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன்பு படகும் விமானமும்தான். இன்றைக்கும் அங்கே இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி, கடை, எல்லாவற்றுக்கும் பக்கத்து நகரம் யூகோனின் வைட்ஹார்ஸ்.

அந்த ஏரியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அங்குள்ள முதற்குடிகளான டிலிங்கிட் மக்களின் மொழியில் அந்தப் பெயருக்குப் பெரிய தண்ணீர், பெரிய ஏரி என்று பொருள். நாம் பெரியகுளம் என்று ஊருக்குப் பெயர் வைத்ததைப் போலத்தான் அவர்களும் வைத்திருக்கிறார்கள். 1898ல் அங்கே பொன் கிடைத்தது. பொன் தேடி யூகோனின் குளொண்டைக்குக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திரும்பியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து கூடாரம் அடித்தார்கள். 1903 தேர்தலுக்கு அட்லின் தனித் தொகுதியானது. பொன்னுக்காக வந்த ஆட்களுக்காக உண்டான ஆசனம் அது. டிலிங்கிட் மக்களுக்கு அதில் வாக்கு இல்லை.

முதல் உறுப்பினராகப் போனவர் ஹென்றி எஸ்சன் யங். அட்லினில் வைத்தியராக இருந்தவர். 1903 முதல் 1916 வரை அவர்தான் அந்தத் தொகுதியின் குரல். கல்வி அமைச்சரானார். 1908ல் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். நியூட்டனிலிருந்து இன்று பஸ் பிடித்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! என் மகளும் அங்கேதான் படித்தாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவர் எந்தத் தொகுதியின் ஆள் என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

இந்த மாகாணம் கனடாவோடு சேர்ந்தது 1871ல். அடுத்த ஆண்டே முதற்குடி மக்களிடமிருந்தும் சீனர்களிடமிருந்தும் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. பிறகு ஜப்பானியர்கள், 1907ல் தெற்காசியர்கள். சீனர்களுக்கும் தெற்காசியர்களுக்கும் 1947ல் அது திரும்பி வந்தது. ஜப்பானியர்களுக்கும் முதற்குடி மக்களுக்கும் 1949ல். அதாவது இந்த மண்ணின் சொந்தக்காரர்கள் 77 ஆண்டுகள் தங்கள் மண்ணில் வாக்களிக்க முடியாமல் இருந்தார்கள்.

1949ஆம் ஆண்டு என்றாலே எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும். நான் இலங்கை மலையகத்தில் பிறந்தவன். எங்கள் தாத்தா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். 1947 தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பிறகு 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ல் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தமுமாகச் சேர்ந்து தாத்தாவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 1952ல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டத்தில் ஆட்கள் குறையவில்லை. லயம் அப்படியே இருந்தது, கொழுந்துக் கூடை அப்படியே இருந்தது. பட்டியலில்தான் அவர்கள் இல்லை. அங்கே எங்கள் ஆட்களுக்குக் கதவை மூடிய அதே ஆண்டில் இங்கே, அட்லின் தொகுதிக்குள் இருந்த நாஸ் பள்ளத்தாக்கில், நிஸ்கா என்ற முதற்குடி மக்களுக்குக் கதவு திறந்தது.

திறந்த அந்த முதல் தேர்தலிலேயே அட்லின் என்ன செய்தது தெரியுமா? ஃபிராங்க் கால்டரைத் தெரிவு செய்தது. வயது 33. நிஸ்கா மனிதர். நாஸ் துறைமுகத்தில் 1915ல் பிறந்தவர். வதிவிடப் பள்ளியில் படித்து, பிறகு ஆங்கிலிக்கன் இறையியல் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி இருந்தது பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக வளாகத்தில். அட்லினின் பழைய உறுப்பினர் வித்திட்ட இடத்தில் படித்துவிட்டு வந்து, அட்லினின் புதிய உறுப்பினராக நின்று வென்றார். கனடாவில் எந்தச் சட்டசபைக்கும் தெரிவான முதல் பதிவுபெற்ற முதற்குடி உறுப்பினர் அவர். அவருடைய மக்களுக்கு நிபந்தனை எதுவுமின்றிக் கனடாப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குக் கிடைக்க இன்னும் பதினொரு ஆண்டுகள், 1960 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அட்லின் அந்தக் காத்திருப்பை ஏற்கவில்லை.

நிஸ்கா மக்கள் தங்கள் நிலத்துக்காகக் கேட்டது அதற்கும் எத்தனையோ காலம் முந்தி. 1887ல் அவர்களுடைய தலைவர்கள் விக்டோரியாவுக்கே வந்து கேட்டார்கள். 1913ல் லண்டனில் மன்னரின் ஆலோசனை மன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். 1927ல் ஒரு சட்டம் வந்து, நில உரிமை வழக்குக்காகக் காசு சேர்ப்பதே குற்றம் என்றது. அது 1951 வரை இருந்தது. 1955ல் கால்டர் நிஸ்கா பழங்குடிக் கூட்டவையை அமைத்து அதன் தலைவரானார். 1967ல் மாகாண அரசுக்கு எதிராக வழக்கு. வக்கீல் தோமஸ் பெர்ஜர். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, மேன்முறையீட்டிலும் தோல்வி. உச்ச நீதிமன்றத்தில் 1973 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது, பெயரளவில் அதுவும் தோல்விதான். அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில் மூன்றுக்கு மூன்று என்று நீதிபதிகள் பிரிந்தார்கள். ஏழாவது நீதிபதி நடைமுறைக் காரணம் ஒன்றைச் சொல்லித் தள்ளிவிட்டார். ஆனால் அந்த ஆறு பேருமே, வெள்ளையர் வருமுன்பே இந்த மக்களுக்கு இந்த நிலத்தில் உரிமை இருந்தது என்று ஒத்துக்கொண்டார்கள். அதுதான் அடித்தளமானது. அதே ஆண்டு ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு தன் கொள்கையை மாற்றி, நில உரிமை பற்றிப் பேச உட்கார்ந்தது. 2000ஆம் ஆண்டு மே 11ல் நிஸ்கா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கால்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் 2006ல் கண்மூடினார்.

வழக்கு நடந்த காலம் முழுவதும் அவர் அட்லினின் உறுப்பினர் என்பதை யோசித்துப் பாருங்கள். வாதியாக நீதிமன்றத்தில், உறுப்பினராகச் சட்டசபையில். 1956ல் ஒருமுறை தோற்றார், 1960ல் திரும்பி வந்தார். 1972ல் மாகாண முதல்வர் டேவ் பாரெட்டின் அரசில் அமைச்சரானார், மறு ஆண்டே நீக்கப்பட்டார். 1975ல் கட்சி மாறி சோஷியல் கிரெடிட்டில் நின்று அப்போதும் வென்றார். கட்சி மாறியதை எல்லாரும் மெச்சினார்கள் என்று சொல்ல வரவில்லை. 1979ல் அவர் அல் பாசரெல் என்பவரிடம் தோற்றார். எத்தனை வாக்கில்? ஒரே ஒரு வாக்கில். தன் வாக்குக்குப் பெறுமதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் அட்லின் 1979 என்றுதான் சொல்வேன்.

பாசரெல் 1986ல் டீஸ் ஏரியில் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தத் தொகுதியில் பிரதிநிதியாக இருப்பதென்றால் சின்ன விமானத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். மக்களைப் பார்க்க வேறு வழி கிடையாது. அதன் பிறகு அட்லின் மறுபடி ஒரு நிஸ்கா மனிதரைத் தெரிவு செய்தது. லாரி குனோ. 1991ல் அவரோடு அந்த ஆசனமும் முடிந்தது.

இப்போது நான் நினைப்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். 1903 முதல் 1949 வரை அட்லினுக்குச் சனத்தொகைக்கு மீறிய பலம் இருந்தபோது அந்தப் பலம் வெளியே இருந்து வந்தவர்கள் கையில் இருந்தது. மண்ணின் மக்கள் பட்டியலிலேயே இல்லை. 1949க்குப் பிறகுதான் அந்தப் பலம் அவர்கள் பக்கம் வந்தது. நாற்பதே ஆண்டுகள். அதற்குள் கணக்குச் சரியில்லை என்று ஆசனம் போய்விட்டது. 1982ல் கனடாவின் உரிமைச் சாசனம் வந்த பிறகுதான் இப்படி வழக்குப் போட வழியே பிறந்தது, அது எனக்குத் தெரியும். யாரும் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 77 ஆண்டுகள் பூச்சியமாக எண்ணப்பட்டவர்களிடம் போய், நாற்பது ஆண்டு கொஞ்சம் கூடுதலாக எண்ணிவிட்டோம், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதைப் போலத்தான் அது அவர்கள் பக்கத்திலிருந்து தெரியும். தராசின் ஒரு தட்டில் அந்த 77 ஆண்டுகளை யாரும் வைக்கவில்லை.

நிலப்பரப்பையும் சேர்த்து எண்ணுவது எங்களுக்குப் புதிதல்ல. 1946ல் இலங்கையின் முதல் பாராளுமன்றத்துக்குத் தொகுதி பிரித்தபோது 75,000 பேருக்கு ஒரு ஆசனம் என்றும், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம் என்றும் வைத்தார்கள். தெரிவாகும் 95 ஆசனங்களில் 25 இப்படி நிலத்துக்காக வந்தவை. வன்னியைப் போல ஆள் குறைந்து, காடு நிறைந்து கிடக்கும் இடங்களுக்கும் ஒரு வாய் வேண்டும் என்பதுதான் அதன் நியாயம்.

கனடாவின் உச்ச நீதிமன்றமும் இதைக் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டிருக்கிறது. 1991ல் சஸ்காச்சுவான் எல்லைகள் பற்றிய தீர்ப்பில், வாக்குரிமை என்பது எண்ணிக்கைச் சமத்துவம் மட்டுமல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம்தான் முக்கியம் என்று சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார்? அட்லின் வழக்கில் தீர்ப்பளித்த அதே மக்லாக்லின்தான். அவருடைய 1989 தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு 1991 தீர்ப்பை மேசை இழுப்பறையில் வைத்துவிடாதீர்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன? அட்லின் ஏரிக்கரை இப்போது பல்க்லி வேலி-ஸ்டிக்கீன் தொகுதியில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த ஸ்டிக்கீன் தொகுதி ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர். இலங்கையைப் போல மூன்று மடங்கு. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். தொகுதியின் பெரிய ஊரான ஸ்மிதர்ஸிலிருந்து அட்லினுக்குத் தெரு வழியாகப் போனால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் யூகோன் வழியாக. வடக்குக்கு இத்தனை ஆசனம் குறையக்கூடாது என்று 2014ல் சட்டத்தில் ஒரு காப்பு வைத்தார்கள். 2021ல் அதை எடுத்துவிட்டார்கள். 2023ல் ஆசனங்கள் 87லிருந்து 93 ஆனபோது புதியவை எங்கள் சர்ரே மாதிரி வேகமாக வளரும் ஊர்களுக்கு வந்தன. எங்களுக்கு அவை தேவைதான், வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த முறை மொத்த எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்று வந்தால், கத்தரிக்கோல் முதலில் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சராசரியிலிருந்து 25 சதவீதம் வரை கூடலாம், குறையலாம், மிக விசேடமான சூழ்நிலையில் அதையும் தாண்டலாம் என்று சட்டம் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. வடமேற்கைப் பொறுத்தவரை அந்த இடத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை போதவில்லை என்று அந்தத் தொகுதியை இன்னும் தெற்கே இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க ஸ்மிதர்ஸ் பக்கத்து வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும், அட்லினில் ஒருவர் வாக்களித்தாலும் ஒன்று, வீட்டில் இருந்தாலும் ஒன்று என்றாகிவிடும். டிலிங்கிட், டால்டான், காஸ்கா, நிஸ்கா மக்களின் நிலங்களை உங்கள் வசதிக்காகக் குறுக்கே வெட்டும் முன் அவர்களுடைய அரசுகளோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் அறிக்கையில் அந்தத் தொகுதியைப் பற்றி எழுதும் பக்கத்தில் சனத்தொகையோடு சேர்த்து 1872ஐயும் 1949ஐயும் எழுதுங்கள். கால்டரின் பெயரையும் எழுதுங்கள்.

பகிரங்க விசாரணைக் கூட்டத்தை அட்லினில் ஒன்றும் நாஸ் பள்ளத்தாக்கில் ஒன்றும் வையுங்கள். கணினித் திரையில் வேண்டாம். தெரு வழியாகவே போங்கள், சரியான தூரம் அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். கோடை காலத்தில் வைத்தால் நல்லது, ஜேக்ஸ் கோர்னருக்குப் பிறகு தெற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இருக்கிறது. டீஸ் ஏரியில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். தேதியை அறிவித்தீர்களென்றால் நான் லீவு எடுத்துக்கொண்டு வந்து, இதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் முன்னால் வைத்துச் சொல்லத் தயாராக இருக்கிறேன். அவர்கள் பேசி முடித்த பிறகு எனக்கு ஐந்து நிமிடம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
நியூட்டனில் வசிக்கும் ஒரு லொறி ஓட்டுநர்,
சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா